கரையை உடைத்த பிறகு

தாழ்நிலத்தில் ஊறும் தண்ணீரை இறைத்து, கரைக்கு அந்தப் பக்கம் ஆற்றிலேயே கொட்டுகிற பம்ப் ஹவுஸில் அவள் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். ஊருக்கே அவள் ‘மோட்டாரக்கா’. அந்த மோட்டார்ச் சத்தத்துக்குள்தான் குடித்தனம் நடத்தினாள், பிள்ளை பெற்றாள், புருஷனோடு மல்லுக்கு நின்றாள்.

பிறகு, ஆறு பழையபடி தாழ்நிலத்தில் பரவட்டும் என்று கரையை உடைக்க முடிவானது. தாழ்நிலத்து வீடுகளைக் காலி செய்து எல்லோரையும் மேட்டுக்கு மாற்றினார்கள். மோட்டாரை நிறுத்திய அன்று அவளுக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அளவுக்கம்பங்களில் நீர்மட்டம் பார்த்து எழுதுவது புது வேலையாயிற்று.

முதல் வெள்ளம் ஒரு காலையில் வந்தது. மேட்டில் நின்று பார்த்தாள். இரைச்சல் இல்லை, நுரை இல்லை. பனிமூட்டத்துக்கு அடியில், வழி தெரிந்த ஆள்போல, தண்ணீர் தெருத்தெருவாக வந்தது. அவள் கையால் சாத்திவிட்டு வந்த வீட்டுக் கதவு, உள்ளேயிருந்து யாரோ தள்ளினாற்போல் மெல்லத் திறந்தது. பின்பக்கமாகப் புகுந்த தண்ணீர்தான் தள்ளியிருக்கும் என்று புத்திக்குத் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை, சிலிர்த்தது. விட்டுவந்த முக்காலி மிதந்து வாசலுக்கு வந்து, அவளைப் பார்த்தாற்போல் திரும்பி நின்றது.

ஆற்றின் கீழ்ப்பக்கத்து நகரத்திலிருந்து தங்கை போன் செய்தாள்.

“அக்கா, கட்டிலெல்லாம் மாடிக்கு ஏத்திட்டு உக்காந்திருக்கோம். தண்ணி இன்னும் எங்க தெருவ எட்டிக்கூடப் பாக்கல. வருஷா வருஷம் வருமே, எங்க போச்சுக்கா?”

“என் அடுப்படிலதான்டி நிக்குது.”

“பயமா இருக்காக்கா?”

“பயம்னு இல்ல. நம்மளக் கேக்காம யாரோ குடிவந்த மாதிரி இருக்கு.”

தண்ணீர் வடிய இரண்டு வாரம் ஆனது. கோடையில் மேட்டுக் கிணறுகள் முதன்முறையாக வற்றவில்லை. அடுத்த வெள்ளத்தில் புல்லுக்குள் மீன்குஞ்சுகள் மொய்த்தன. புருஷன் வலையோடு அலைந்தான்.

“கிணத்துல தண்ணி, வலையில மீனு. உனக்கு மட்டும் ஏன் மூஞ்சி தொங்குது?”

அவள் அளவு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்றாம் எண் கம்பம் அவள் பழைய தெருவில் இருந்தது. படகில் போய் அளவைக் குறித்துக்கொண்டாள். தன் வீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ பெரிதாக, நிதானமாக, கூடத்திலிருந்து அடுப்படிக்கு நீந்திப் போனது. மீன்தான். குடியிருப்பவரைத் தொந்தரவு செய்யாத மாதிரி, அவள் துடுப்பைச் சத்தமில்லாமல் போட்டுத் திரும்பினாள்.