மிஸ்ரியாவின் இடது கை

கொச்சியிலிருந்து பியானோவை ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு வளைவுகளில் இறங்கி வந்த அன்றைக்கு, முகம்மது ரபீக் இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. அவன் லோடு வண்டியில் மாங்காய் ஏறியிருக்கிறது, சிமெண்ட் ஏறியிருக்கிறது. இப்படி ஒன்று ஏறியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் தார்ப்பாய்க்குள் ஏதோ ஒரு கம்பி முனகியது. ரபீக் பிஸ்மி சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

பியானோ தங்கச்சி மிஸ்ரியாவுக்கு.

அவர்களுடைய வாப்பா ஹபீபுல்லா ஷார்ஜாவிலிருந்து ஒரு லீவுக்கு வரும்போது சின்ன கீபோர்டு ஒன்று கொண்டுவந்தார். அப்போது மிஸ்ரியாவுக்கு ஏழு வயது. டிவி விளம்பரத்தில் வருகிற மெட்டை ஒருதரம் கேட்டால் போதும், அப்படியே வாசித்துவிடுவாள். பதிமூன்று வயதில் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி அரங்கில்தான் நிஜமான பியானோவைப் பார்த்தாள். கூட்டிப்போனவன் ரபீக். ஒரு ஓரத்திலிருந்து கட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். எண்பத்தெட்டு. வீட்டில் இருந்தது அறுபத்தொன்று.

"அண்ணே, மீதி இருபத்தேழும் இங்கனதான் இருந்திருக்கு!"

அதன்பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. சென்னையில் படித்தாள். உதவித்தொகை கிடைத்து புடாபெஸ்ட் போனாள். போலந்து, ஜப்பான் என்று மேடைகள். ஆலங்குளம் மார்க்கெட்டில் லோடு இறக்கக் காத்திருக்கும்போது ரபீக் அவளை செல்போனில் பார்ப்பான். கட்டைவிரல் அளவுக்குத் தெரிவாள்.

முப்பத்துநாலாவது வயதில், கச்சேரியின் நடுவில், வலது கையின் கடைசி இரண்டு விரலும் உள்ளே மடங்கிக்கொண்டன. விரலில் பழுதில்லை, வாசிக்கிற அந்த ஒரு வேலைக்கு மட்டும் மூளைக்கு வழி மறந்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள். மிஸ்ரியா தென்காசிக்கே வந்துவிட்டாள்.

"ஏட்டி, வெங்காயம் உரிக்கிற, ஊசியில நூல் கோக்குற. விரலு நல்லாத்தான இருக்கு?"

"எல்லாத்துக்கும் வருது அண்ணே. அதுல வச்சா மட்டும் மடங்குது."

ஒரு வருஷம் அப்படியே போனது. பிறகு ஒருநாள் பியானோ வேண்டும் என்றாள்.

"ஒத்தக் கைய வச்சி என்னட்டி செய்வ?"

"இடது கைக்குன்னே எழுதி வச்சிருக்காங்க. யுத்தத்துல வலது கை போனவங்களுக்காக."

ரபீக் தன் குடோனில் பாதியை ஒழித்துக் கொடுத்தான். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் உட்கார்ந்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பாள். அரைநாளும் ஒரே வரி. மூட்டை தூக்கும் பலவேசம், "அண்ணாச்சி, தங்கச்சி ஒரே எடத்துல நிக்குதே" என்பான். மூன்று வருஷத்தில் ரபீக் முழுசாக ஒன்றும் கேட்டதில்லை.

போன ஆடியில் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் கச்சேரி. கொண்டுபோய் வைத்த பியானோவின் கட்டைகள் சாரலில் ஊறி இறுகிவிட்டதால், சுதி சேர்க்க வந்த எபனேசர் ஈரம் காய அதற்குள் குண்டு பல்பை இரண்டு நாள் எரியவிட்டிருந்தார். மெயினருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையும் தோளில் துண்டுமாகவே பலபேர் வந்து உட்கார்ந்தார்கள். ரபீக்குக்கு இடமில்லை. கடைசியில், தூணுக்குப் பின்னால் நின்றான். மேடை தெரியவில்லை.

சத்தம் எழுந்தது. அடியில் அருவி விழுவதுபோல் ஒரு முழக்கம். அதன்மேல் யாரோ நிதானமாகப் பாடுகிற மாதிரி ஒரு குரல். இரண்டுக்கும் நடுவே பொடிப்பொடியாய் வேறொன்று உதிர்ந்துகொண்டே இருந்தது. ரபீக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது. கை சரியாயிட்டு! அல்லாவே, இவ சொல்லவே இல்லையே!

ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனான்.

வலது கை மடியில் துப்பட்டா முனையைப் பிடித்தபடி கிடந்தது. இடது கை ஒன்றுதான். இடது கோடியில் ஒரு கட்டையை அழுத்தி, அந்த நாதம் அடங்குமுன்னே மறுகோடிக்குத் தாவி, கட்டைவிரலால் பாட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் காது ஒத்துக்கொள்ள மறுத்தது. எண்பத்தெட்டு கட்டையும் அந்த ஐந்து விரலுக்குப் பணிந்து கிடந்தன. குடோனில் கேட்ட அந்த ஒரே வரி எங்கே வந்து போனது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

கூட்டம் கலைந்தபின் மிஸ்ரியா வியர்த்த முகத்தோடு வந்தாள். "எப்படி அண்ணே இருந்துச்சி?"

ரபீக் அவள் இடது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொதித்தது.

"காச்சல் அடிக்குதாட்டி?"

"இல்ல அண்ணே, வாசிச்சா அப்படித்தான் இருக்கும்," என்று சிரித்தாள்.