அத்தை காப்பாற்றிய சிலந்தி

என் அத்தை மேல் எனக்கு இருந்த மரியாதை ஒரு சிலந்தியால் வந்தது. அத்தை அப்பாவின் தங்கை. மைசூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்துகொண்டு, அதே ஊர் ஹெப்பாளில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கம்பெனி பஸ் பின்தெருவில் நிற்கும். அதற்குக் குறுக்குவழி எங்கள் தோட்டத்துச் சின்ன கேட். மழைக்காலம் முடிகிற சமயம், அந்தக் கேட்டுக்கும் செம்பருத்திக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை கட்டியது. வயிற்றில் மஞ்சள் பட்டை. வலையின் நடுவில் வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருக்கும். கணக்கு டீச்சர் எனக்கு அடிக்கடி போடும் அதே குறி.

அத்தை அதைக் கலைக்கவில்லை. பாவம், கஷ்டப்பட்டுக் கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேலி இடைவெளியில் நுழைந்து பக்கத்து வீட்டுத் தோட்டம் வழியாகச் சுற்றிப் போனாள். அங்கே இருந்த கன்னடக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அந்த நேரத்தில்தான் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். மழை பெய்த மறுநாளும் விடுவார். ஒரு பூச்சிக்காக இவ்வளவு சுற்றுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வினை வந்தது. வீட்டையே தலைகீழாக்கிக்கொண்டிருந்த அப்பா, ஒட்டடைக் கம்போடு கேட் பக்கம் வந்தார். அத்தையின் முகம் செத்துவிட்டது. இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அப்பா, வலைதானே அதோட ஆயுதம்? நாளைக்கு பூஜைய வச்சுக்கிட்டு இன்னைக்கு யாராவது பிச்சுப் போடுவாங்களா?"

அப்பா சிரித்துவிட்டார். மறுநாள் ஸ்கூட்டர், அரிவாள்மணை, தையல் மெஷின் எல்லாவற்றோடும் அந்தக் கேட்டுக்கும் ஒரு சந்தனப் பொட்டு கிடைத்தது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிலந்தி பிழைத்த சந்தோஷம் என்று நினைத்து நானும் அழுதேன்.

அடுத்த வருஷம், இரண்டு வீட்டாரும் முறைத்து, முனகி, ஓய்ந்த பிறகு, அத்தைக்கும் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டவருக்கும் கல்யாணம் நடந்தது. அந்த வருஷத்து மழைக்குப் பிறகு அவர்கள் வாசலிலும் அதே மாதிரி ஒரு சிலந்தி வலை கட்டியது. அத்தையிடம் காட்டலாம் என்று ஆசையாக ஓடினேன். அவளோ கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, துடைப்பத்தோடு நின்ற புருஷனைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லிக் கன்னடத்தில் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"பேக தெகீரி, பேக."

சின்ன வயசிலிருந்தே அவளுக்குச் சிலந்தி என்றால் நடுக்கம் என்று அப்பா சொன்னார். நான் நம்பவில்லை. கல்யாணம் ஆனால் மனுஷர்களுக்கு இரக்கம் போய்விடும் என்று முடிவு கட்டி, நான் மட்டும் கல்யாணமே செய்துகொள்ளப் போவதில்லை என்று அவரிடம் அறிவித்தேன்.