வெர்லீன் எழுதிய மன்னிப்புக் கடிதம்

வெர்லீன் பிக்கெட்டுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு நிற்கவே நிற்காது. அதனால்தான் அவள் கதையைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. என் பெயர் மோஸெல். மிஸிசிப்பி டெல்டாவில், டென்பி கவுண்டி என்கிற மாவட்டத்தில், கெளுத்தி மீன் ஆலை ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் அவள் பக்கத்தில் நின்று மீன் அறுத்தவள். மாதத்தில் இரண்டு ஞாயிறு, சர்ச்சுக்குக்கூடப் போகாமல், அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு சிறைக்குப் போனவளும் நான்தான். அங்கே அவள் தம்பி ஒடெல் இருந்தான்.

வெர்லீன் ஆறடி உயரம், அகலமான தோள், பாட்டுக்குழுவில் அடிக்குரல். சர்ச் செயலாளரும் அவள்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், யார் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றாலும் கடிதம் எழுத வெர்லீனிடம்தான் வருவார்கள். அவள் எழுதினால் கல்லும் கரையும். கல்யாணம் ஒன்று செய்துகொண்டாள். ஹார்வி என்று ஒரு லாரி மெக்கானிக். இரண்டு வருஷம் இருந்தான். "நீ என்னைக் கட்டிக்கல, அந்த ஜெயிலத்தான் கட்டிக்கிட்டே" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

1990-இல் நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில், அதன் முதலாளி கோலி ஸ்டாம்ப்ஸை யாரோ கொன்றுவிட்டார்கள். வந்தவன் பின்கதவுக் கண்ணாடியை உடைத்திருக்கிறான், கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறான், அங்கே கிடந்த துண்டில் ரத்தத்தைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு நாள் கழித்து ஷெரீப் ஒடெலைப் பிடித்தார். காரணம்? அவன் உள்ளங்கையில் வெட்டுக்காயம். அடப்பாவிகளா! ஒடெலும் எங்கள் ஆலையில் மீன் அறுக்கிறவன்தான். எங்கள் ஆலையில் கையில் வெட்டு இல்லாத ஒரே ஆள் மேனேஜர். ஜூரியில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் ஒருத்தராவது மீன் கத்தியைப் பிடித்தவராக இருந்திருந்தால் சிரித்திருப்பார். ஒருத்தரும் இல்லை. துண்டில் இருந்த ரத்தமும் ஒடெலின் ரத்தமும் ஒரே வகை என்று ஆய்வுக்கூடத்துக்காரர் சாட்சி சொன்னார். அந்த வகை ரத்தம் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு, எனக்கும் உண்டு. டி.என்.ஏ. சோதனையெல்லாம் அப்போது எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருபத்தொரு வயதுப் பையனுக்கு ஆயுள் தண்டனை.

பத்து வருஷம் கழித்துப் பரோல், அதாவது தண்டனை முடியும் முன்பே விடுதலை, கேட்கலாம் என்றார்கள். கேட்டான். பரோல் வாரியத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி.

"செஞ்சதுக்கு வருத்தப்படுறியா?"

"நான் செய்யலீங்க ஐயா."

"வருத்தமில்லை" என்று எழுதிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். மூன்று வருஷம் கழித்து மறுபடி, அதற்கு மூன்று வருஷம் கழித்து மறுபடி. அதே கேள்வி, அதே பதில், அதே முத்திரை. செய்தவன் வருத்தப்பட்டு வெளியே போகிறான், செய்யாதவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். இதை எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம் வெர்லீன், ஒடெல் இருவரின் அம்மா மிஸ் அர்ஸூலாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. அந்த அம்மா சாப்பாடு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, "ஒடெல் எங்க?" என்றுதான் கேட்டார். அடுத்த ஞாயிறு சிறையில், திருகாணி போட்டுத் தரையில் இறுக்கிய மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவர், அந்தப் பக்கம் ஒடெல்.

"அம்மா ரொம்ப நாள் தாங்க மாட்டாங்கடா" என்றாள் வெர்லீன். "செஞ்சேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை. அதைத்தான் அவங்க கேக்குறாங்க."

"செய்யாததை எப்படிக்கா சொல்றது?"

"வாயத் திறந்துதான். பதினெட்டு வருஷமா உண்மையச் சொன்னியே, என்னத்தக் கண்டே?"

"சரி, சொல்றேன்னே வை. எப்படிச் செஞ்சேன்னு கேப்பாங்களே? அங்க என்ன நடந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்?"

"நான் எழுதித் தர்றேன். நீ உன் கையால பாத்து எழுதி அனுப்பு."

ஒடெல் என்னைப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "எழுதித் தொலைடா. உங்கம்மாவ விடவா உனக்கு உன் வாய் பெருசு?" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பழைய விசாரணைத் தாள்கள் முழுவதும் வெர்லீன் வீட்டில் இருந்தன. அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு எழுதினாள். கண்ணாடியை எந்தக் கையால் உடைத்தான், முதலாளி எந்தப் பக்கம் விழுந்தார், எல்லாம். "என் கையில் வழிந்த ரத்தத்தை அங்கே கிடந்த துண்டில் துடைத்தேன். அந்தத் துண்டை இன்றும் கனவில் காண்கிறேன்" என்று ஒரு வரி. எனக்குப் படித்துக் காட்டியபோது எனக்கே ஒரு கணம் ஒடெல்தான் செய்தானோ என்று தோன்றிவிட்டது. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாள், பாவி.

ஒடெல் அதைத் தன் கையால் பார்த்து எழுதி அனுப்பினான். வாரியம் படித்தது. "கைதி இப்போதுதான் முதன்முறையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். குற்றத்தின் கொடூரத்தைக் கருதிப் பரோல் மறுக்கப்படுகிறது." பதினோரு நாள் கழித்து மிஸ் அர்ஸூலா இறந்துபோனார். அடக்கத்துக்குக்கூட ஒடெலை விடவில்லை. சவப்பெட்டிக்கு முன்னால் எல்லாரும் பாடினோம். வெர்லீன் வாயே திறக்கவில்லை.

கொஞ்ச நாளில் புதுச் சட்டம் வந்தது. தண்டனை பெற்றவர்களும் பழைய தடயத்தை டி.என்.ஏ. சோதனைக்குக் கேட்கலாம். தலைநகரிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வக்கீல் வந்தாள். பெயர் ரெனாட்டா ஹோல்ம். கட்டணம் வாங்காத சட்ட உதவி அமைப்பில் வேலை. நான் போட்டுக் கொடுத்த பொரித்த மீனை விரலை நக்கிச் சாப்பிட்டாள், அதனால் எனக்குப் பிடித்துவிட்டது.

"அந்தத் துண்டு இருந்தா போதும் மிஸ் பிக்கெட்" என்றாள். "ரத்தம் காஞ்சிருந்தாலும் சோதிக்கலாம்."

துண்டு இல்லை என்றது நீதிமன்ற அலுவலகம். வெள்ளத்தில் போயிருக்கும் என்றார்கள். எந்த வெள்ளத்தில் என்று கேட்டால் தெரியவில்லை என்றார்கள். மூன்று வருஷம் அந்த அலுவலக ஜன்னலில் போய் வெர்லீன் நின்றாள். கத்தவில்லை, அழவில்லை, சும்மா நின்றாள். ஆறடிப் பெண் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றால் எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? கடைசியில் ஒரு குமாஸ்தா அம்மா தொல்லை தாங்காமல் கீழ் அறையில் இருந்த எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தார். வேறொரு வழக்கின் பெட்டியில், காகிதப் பையில், துண்டு இருந்தது.

இனி என்ன, சோதனைதானே என்று நினைத்தேன். சோதனை கேட்டுப் போட்ட மனு ஜட்ஜிடம் வந்ததும் அரசு வக்கீல் கெய்தர் எழுந்து நின்றார். வழவழ என்ற குரல் அவருக்கு. கையில் அந்தக் கடிதம்.

"துண்டில் துடைத்தேன் என்று கைதியே எழுதிக் கொடுத்திருக்கிறார். இனிச் சோதனை எதற்கு?" என்று கேட்டுவிட்டு, முழுக் கடிதத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். வெர்லீனின் எழுத்து அன்றைக்கு மாதிரி என்றைக்கும் எடுபட்டதில்லை.

ரெனாட்டா அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினாள். "கடிதத்தை எழுதியது நான்தான்" என்றாள் வெர்லீன். கெய்தர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ பரோல் வாரியத்துக்குப் பொய் சொல்ல வச்சீங்க?"

"ஆமாங்க ஐயா."

"தம்பிய வெளிய கொண்டுவர?"

"ஆமாங்க ஐயா."

"இன்னிக்கும் தம்பிய வெளிய கொண்டுவரத்தானே வந்திருக்கீங்க? அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா, நாங்க எப்படிங்கம்மா கண்டுபிடிக்கிறது?"

வெர்லீனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. "அதுக்குத்தான்யா துண்டச் சோதிக்கச் சொல்றோம்!" என்று பின் பெஞ்சிலிருந்து நான் கத்தினேன். என்னை வெளியே அனுப்பினார்கள். மனுவும் தள்ளுபடியானது.

மேல் நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்ப இரண்டு வருஷம். அவர்கள் சோதிக்கச் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தில் வரிசையில் நிற்க இன்னொரு வருஷம். ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில், ஆலை வாசலில் வெர்லீனுக்கு ரெனாட்டாவின் போன் வந்தது. கையுறையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அது ஒடெலோட ரத்தம் இல்லையாம்" என்றாள் என்னிடம். அவ்வளவுதான் சொன்னாள். நான்தான் ஆலை முழுவதும் கேட்கக் கூவினேன்.

மறுவிசாரணை கேட்டு மனுப் போட்டபோது கெய்தர் என்ன சொன்னார் தெரியுமா? ரத்தம் வேறு ஆளுடையதென்றால் ஒடெலோடு கூட்டாளி ஒருவன் இருந்திருப்பான் என்றார். இருபத்தொன்பது வருஷமாக இல்லாத கூட்டாளி! நல்லவேளையாக ஜட்ஜுக்கே அது பொறுக்கவில்லை. "நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டிய கடிதத்தில் அவர் தன் ரத்தத்தைத் துடைத்தேன் என்கிறார். துண்டில் அவர் ரத்தம் இல்லை. அந்தக் கடிதம் பொய் என்று அந்தத் துண்டே சொல்கிறது" என்றார். பழைய தீர்ப்பு ரத்து. புது விசாரணை.

ரத்து என்றால் விடுதலை என்று நினைத்துக்கொண்டு வெர்லீன் தன் வீட்டில் ஒரு அறையை வெள்ளையடித்து, ஒடெலின் ஐம்பது வயது உடம்புக்கு அளவு தெரியாமல் சட்டை வாங்கி வைத்தாள். விடவில்லை. ஜாமீனும் இல்லை, கவுண்டி சிறைக்கு மாற்றினார்கள். அப்புறம் ஒரு திங்கட்கிழமை நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் ரெனாட்டா முகம் வெளிறி நின்றாள்.

"ஒரு பேரம் பேசுறாங்க. குற்றத்தை ஒப்புக்கிட்டா, உள்ளே இருந்த வருஷமே போதும்னு தண்டனையக் கழிச்சிடுவாங்களாம். இன்னிக்கு மதியமே வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா விசாரணை வரைக்கும் உள்ளேதான்."

"எவ்வளவு நாள்?" என்று கேட்டேன்.

"ஒன்பது மாசம். ஒரு வருஷமும் ஆகலாம். அங்க என்ன தீர்ப்பு வரும்னும் என்னால சத்தியம் பண்ண முடியாது."

ஒடெலைப் பார்க்க ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். கைவிலங்கோடு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரை.

"என்ன சொல்லணுமாம்க்கா?"

"குற்றவாளின்னு. ஒரே வார்த்தை."

அவன் சிரித்தான். "இந்தத் தடவை எழுத வேண்டியதுகூட இல்லையே."

அவன் குத்திக்காட்டவில்லை, அவனுக்கு அந்தப் புத்தியே கிடையாது. ஆனாலும் வெர்லீனுக்குக் குத்தியது, எனக்கே குத்தியது.

"அக்கா, எனக்குச் சோர்ந்துபோச்சு. நீ சொல்லு. சொல்லுடான்னா சொல்லிட்டு வந்துடறேன். வேண்டாம்னா உக்காந்துக்கறேன். அன்னிக்கு மாதிரியே நீயே சொல்லிடு."

நான் மனசுக்குள் சொல்லு, சொல்லு என்று கத்திக்கொண்டிருந்தேன். நானாக இருந்தால் அந்த வார்த்தையைச் சொல்வதென்ன, பாட்டாகவே பாடியிருப்பேன். காவலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றாள் வெர்லீன்.

"சரிக்கா" என்றான் ஒடெல்.

ஜட்ஜ் அக்டோபரில் விசாரணை என்று தேதி குறித்தார். அந்தத் தேதியும் பிறகு தள்ளிப்போனது, அது வேறு எரிச்சல். ஒடெலைப் பக்கக் கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

காரில் ஏறியதும் நான் வெடித்தேன். "உனக்கென்னடி பைத்தியமா? இந்நேரம் பின்சீட்டுல உக்காந்திருப்பானேடி! பேரு சுத்தமா இருந்து யாருக்குச் சோறு போடப்போகுது? அவன் உள்ளேயே செத்துப்போனா என்ன பண்ணுவே?"

பருத்திக் காடுகளைத் தாண்டினோம். அப்புறம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அவங்க எல்லாரும் சேந்து அவன் வாயால அந்தப் பொய்யச் சொல்லவைக்கத்தான் இத்தன வருஷம் பாத்தாங்க, மோஸெல். அவங்களால முடியல. நான்தான் சொல்லவச்சேன். நான் ஒருத்தி. மறுபடி என்னால முடியாது."

"நீயா செஞ்சே? அம்மாவுக்காகத்தானேடி…"

"நீ வீட்டுக்குப் போனா உன்கூட உக்காந்து சாப்பிட யாராவது இருக்காங்க, எனக்கு யாரு?" என்றாள். அவள் குரல் உடைந்தது. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, அம்மா அடக்கத்தில்கூட. "எனக்கு அவன் வேணும்டி. வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எனக்கு அவன் இன்னிக்கே வேணும்."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன்.