செவலைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்புக்குப் போனபோது அந்தப் பெருமை எனக்குள் அடங்கவில்லை. யாருக்காவது பாடம் சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டும் என்றிருந்தது. வீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. என்னைப் பெற்ற அய்யாவின் புன்செய்க் காட்டுக்குக் காவல் கிடந்த செவலை நாய் மட்டும் உட்கார்ந்தது.

பனையோலைப் பெட்டியின் வட்ட மூடியை நான் வீசுவேன். தரையைத் தொடுமுன் செவலை அதைக் கவ்விக்கொண்டு வரவேண்டும். இதுதான் பாடம். முதலில் மூடி ஒரு பக்கம் போகும், நாய் ஒரு பக்கம் பார்க்கும். மூடியில் கருவாட்டைத் தேய்த்தேன். பிறகு பாடம் ஏறியது. சாயல்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் சாயங்காலமானால் கடற்காற்று வரும். அதில் சாய்த்து வீசினால் மூடி விழ மனமில்லாமல் பனைகளுக்கு நடுவே மிதக்கும். அதன் கீழே செவலையும் கால் தரையில் பாவாமல் போவதாகத் தோன்றும். அப்படி எத்தனை சாயங்காலங்கள் போயின என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

முதல் மழை விழுந்தது. அதுவரை திறக்காத விதைப்பெட்டியை எங்கள் பக்கத்தில் அன்றுதான் திறப்பார்கள். பெரியப்பா குதிரைவாலி விதைப்பெட்டியைச் சாமி கும்பிட்டு முற்றத்தில் வைத்துவிட்டு ஏர் பூட்டப் போனார். செவலைக்கு அந்தப் பெட்டியின் மூடியும் நான் வீசுகிற மூடிதான். கவ்விக்கொண்டு என்னிடம் ஓடி வந்தது. ஆடுகள் பெட்டியைக் காலி செய்தன. அடுத்த வீட்டு விதையை வாங்கி ஏர் தொடங்குவதைவிடக் கேவலம் பெரியப்பாவுக்கு வேறு இல்லை.

திருட்டு நாய் என்றார். என் மாணவனை அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. அது திருடவில்லை, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நிமிர்ந்து நின்று சொன்னேன்.

பெரியப்பா அய்யா பக்கம் திரும்பினார். "ஏலே, பொட்டப்பிள்ளைய படிக்கவச்ச லட்சணத்தப் பாத்தியா? ஒண்ணு இவ பள்ளிக்கூடம் நிக்கணும். இல்ல, அந்த நாயி இங்கன இருக்கக்கூடாது."

மறுநாள் அய்யா எங்கள் இருவரையும் மாரியூருக்கு நடத்திக் கூட்டிப்போனார். அங்கே தெரிந்த வலைக்காரர் ஒருவர் நாயை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கடற்கரை வந்ததும் நான் நின்றுவிட்டேன்.

"அய்யா, நான் பள்ளிக்கூடம் போகல. செவல இருக்கட்டும்."

அய்யா என் கையிலிருந்த மூடியை வாங்கினார். அவர் விளையாடி நான் பார்த்ததே இல்லை. வீசினார், கோணலாகப் போனது. செவலை நுரைக்குள் பாய்ந்து எடுத்துவந்து அவர் காலடியில் போட்டது. மறுபடி வீசினார். மறுபடியும். கடலும் மணலும் ஒரே நிறமாகிக்கொண்டு வந்தன. வலைக்காரர் கையில் கயிற்றோடு குடிசை வாசலில் நின்றார். அய்யா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

நான் சொன்னதற்கு அய்யா சம்மதித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஈர மணலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீச்சுக்கும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.