சட்ட நிறுவனத்தில் என் படம்

பயிற்சி வழக்கறிஞர் வேலைக்கு நான் பொருத்தமில்லை என்று ஒரு பெரிய வணிகச் சட்ட நிறுவனம் இன்று காலை மின்னஞ்சல் அனுப்பியது.

மத்தியானம் நாங்கள் குடியிருக்கும் வென்ட்வேர்த்வில் ஊரின் தமிழ்க் கடையில் பக்கத்து வீட்டு அன்ரி என் கையைப் பிடித்தார்.

"வாழ்த்துக்கள் பிள்ளை! மகன் கம்பஸில இருந்து கொண்டுவந்த புத்தகத்தில உம்மட படம்!"

பையிலிருந்து எடுத்தும் காட்டினார். அதே நிறுவனத்தின் விளம்பரப் புத்தகம். "எல்லா இனத்தவருக்கும் எங்களிடம் இடமுண்டு" என்ற வரிக்குக் கீழே நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். போன வருடம் அவர்கள் மாணவர்களுக்கு நடத்திய அறிமுகக் கூட்டத்தில் கமராக்காரர் என்னையே சுற்றிச் சுற்றி வந்தது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது.

"அங்க எனக்கு வேலை தரேல்லை அன்ரி."

"பகிடி விடாதையும். மகனுக்கும் ஒரு இடம் கேட்டுப் பாரும்."

முகம் மட்டும் அவர்களுக்குப் பொருத்தமாம். மிச்ச உடம்பை எங்கே வேலைக்கு அனுப்பலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.