மாமனாருக்குப் பிடிக்காத ஃபோனோ ப்ரீஆம்ப்

டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே அறுபது எழுபது ரெக்கார்டுகள். ஒவ்வொரு உறையிலும் பால்பாயிண்ட் பேனாவில் "அந்தோணி மைக் செட், பெருநகர்" என்று எழுதியிருந்தது.

என் மாமனாருடைய பெட்டி, ஊரில் மைக் செட் வைத்திருந்தவர். தன் வீட்டில் எலித்தொல்லை என்று உத்திரமேரூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மகளுக்குத்தான் அனுப்பினார், எனக்கில்லை...

நானும் ஸ்டெல்லாவும் அவரைக் கேட்காமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பேரன் பிறந்த பிறகு வரப்போக இருந்தார். ஆனால் என்னிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், "அவர சாப்ட சொல்லும்மா" என்பார் மகளிடம். நாலு வருஷம் இப்படி. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

பெட்டியைப் பார்த்ததும் ஓர் ஆசை. இந்த மனுஷனை உட்காரவைத்து, அவருடைய ரெக்கார்டையே அருமையாகக் கேட்கவைத்தால் பேசிவிட மாட்டாரா?

டர்ன்டேபிள் வாங்கினேன். வீட்டு ஆம்ப்ளிஃபையரில் செருகினால் கொசு பாடுகிற மாதிரி சத்தம். பிறகுதான் தெரிந்தது, இந்த வகை ஊசியிலிருந்து வரும் சிக்னல் ரொம்பச் சின்னது, நடுவில் ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். ரெக்கார்டை வெட்டும்போதே பேஸைக் குறைத்து ட்ரெபிளைத் தூக்கித்தான் வெட்டுவார்களாம். அதைத் திருப்பிச் சரிசெய்வதும் அந்த டப்பாவின் வேலை.

ஆறு மாசம் அலைந்தேன்... கம்பெனி பஸ்ஸில் ஏறினால் ரிவ்யூ வீடியோதான். முதலில் வாங்கியதில் எர்த் ஸ்க்ரூ இல்லை, ஒரே இரைச்சல், திருப்பி அனுப்பினேன். இன்னொன்றில் எனக்குத் தேவையே இல்லாத பத்து ஸ்விட்ச். கடைசியில் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், உங்களுடையது மூவிங் மேக்னட் வகை ஊசிதானே, அதற்கு இது போதும் என்று உள்ளங்கை அளவில் ஒன்றைக் கொடுத்தார்.

மாட்டினேன். அடேயப்பா... தபேலா தனியாக, குரல் தனியாக, வழவழவென்று. ஸ்டெல்லா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து மாமனார் வந்தார். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் சுருங்கிக்கொண்டே போனது. எழுந்து போய் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அப்புறம் நேராக என்னைப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே, கெணத்துக்குள்ள இருந்து பாடுறா மாரி கீது? அந்த டப்பாவ கயட்டு. ஒயர மைக்ல குத்து."

மைக் செட்காரர்களின் பழக்கம் அது. சத்தம் போதாத எதையும் மைக் ஓட்டையில் செருகிவிடுவார்கள். எனக்கு ஆறு மாச அலைச்சலெல்லாம் மறந்தே போனது. மாப்ளே என்று கூப்பிட்டுவிட்டாரே! கன்வெர்ட்டர் பின் தேடிப்பிடித்துக் குத்தினேன். பேஸே இல்லை. தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி கீச்சென்றது. அவரோ தொடையில் தாளம் போட்டார்.

"ஆங். இப்பதான் பாட்டு."

அன்றைக்குச் சாயங்காலம்தான் கிளம்பினார். அதிலிருந்து ஞாயிறுதோறும் இதே வழக்கு. நான் டப்பாவை மாட்டுவேன், அவர் கழட்டச் சொல்வார். ரெண்டு பேருக்கும் வேறு வேலையே இல்லையா என்பாள் ஸ்டெல்லா.

போன வருஷம் அவருக்குக் காது டெஸ்ட் எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. முப்பது வருஷம் ஹாரன் ஸ்பீக்கருக்குக் கீழே நின்ற காது. மெல்லிய, உச்சத்து ஒலி எதுவுமே விழுவதில்லை. என் டப்பா தந்த அழகான பாட்டு அவருக்கு நிஜமாகவே கிணற்றுக்குள்ளிருந்துதான் கேட்டிருக்கிறது. மைக்கில் குத்தினால் ட்ரெபிள் கீச்சென்று தூக்கி வருவதால்தான் காதில் ஏறியிருக்கிறது. ரசனை கெட்ட மனுஷன் என்று மனசுக்குள் நினைத்திருந்தேனே, வெட்கமாகிவிட்டது.

இப்போது காதில் மெஷின் மாட்டிக்கொண்டு வருகிறார். மைக்கில் போட்டால் அவரே காதைப் பொத்திக்கொள்கிறார். "டப்பாவே இருக்கட்டும் மாப்ளே, நல்லா கீது" என்கிறார். எனக்குச் சந்தோஷம்தான், வாங்கியது வீண் போகவில்லை.

ஆனால் அப்போதெல்லாம் குறை சொல்லிச் சொல்லியே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். இப்போது ரெண்டு பக்கம் கேட்டுவிட்டு, நல்லா கீது என்று எழுந்து, மூன்று மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறார்...

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது நினைத்துக்கொள்வேன். இன்னும் ஒரு மணி நேரம் என்னைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கலாம் மனுஷன்.