கிரைண்டரில் சுற்றிய டார்ச்

அம்மா இறந்த வாரம் எங்கள் பேட்டை ஸ்ரீவராகத்து மாமிகள் எல்லோரும் ஒன்று கூடி என்னிடம் ஒரே பொய்யைச் சொன்னார்கள். அம்மா நட்சத்திரமாகிவிட்டாளாம். எந்த நட்சத்திரம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்து ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போனவள் மேல் லாரி ஏறிவிட்டது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

சித்தப்பா காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர். பொய் அவருக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலை அவரையும் பிடித்துக்கொண்டு நச்சரித்தேன். மனிதர்கள் நட்சத்திரமாவதில்லை, ஆனால் நட்சத்திரமும் சாகும் என்று ஆரம்பித்து வகையாக மாட்டிக்கொண்டார். பெரிய நட்சத்திரம் செத்தால் உள்ளுக்குள் இடிந்து, நம் வீட்டுக்கும் கழக்கூட்டத்துக்கும் நடுவில் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிடுமாம். அப்புறம் பம்பரம் தோற்கும் வேகத்தில் சுற்றுமாம். கழக்கூட்டம் என்று சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். எதற்கென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பேச்சை மாற்றச் சமையலறைக்கு இழுத்துப் போனார். தீட்டு என்று சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்ததால் கிரைண்டர் சும்மா கிடந்தது. கல்லை எடுத்துவிட்டு, உள்ளே பழைய வேட்டியைத் திணித்து, அதில் டார்ச்சைச் சாய்வாகச் செருகினார். ஜன்னலையும் கதவையும் அடைத்து ஸ்விட்சைப் போட்டார். வெளிச்சம் சுவர் சுவராகச் சுற்றி வந்து என் முகத்தில் அடித்துவிட்டுப் போனது. மறுபடி வந்தது.

"அணைஞ்சு அணைஞ்சு எரியறதே" என்றேன்.

"அணையவே இல்லைடா. எப்பவும் எரிஞ்சுண்டுதான் இருக்கு, கேட்டயா. நம்ம பக்கம் திரும்பறச்சே மட்டும் நமக்குத் தெரியறது. அந்த நட்சத்திரமும் அப்படியாக்கும். அதோட காந்த முனை சாஞ்சிருக்கும். அது வழியா ரேடியோ அலை கத்தையா வரும். சுத்தறச்சே நம்மைத் தொட்டுட்டுப் போகும். நாம அது துடிக்கறதுன்னு நினைச்சுக்கறோம்."

கிரைண்டர் சத்தம் கேட்டு அப்பா கூடத்திலிருந்து ஓடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் மாவு அரைப்பது அம்மாதான். கதவைத் திறந்து நிலைப்படியில் நின்று எங்களையும் டார்ச்சையும் பார்த்தார். சித்தப்பா பதறிப்போய் ஸ்விட்சில் கை வைத்தார்.

"நிறுத்தாதே. ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா கதவைச் சாத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார்.

வெளிச்சம் வந்தபோது அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. அது போனதும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த சுற்றிலும் அழுதுகொண்டிருந்தார். வெளிச்சம் படும்போதெல்லாம் அழுகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. நானே போய் கிரைண்டரை நிறுத்தி, டார்ச்சையும் அணைத்தேன். இருட்டில் அப்பா அழவில்லை என்று நிம்மதியாக இருந்தது.